இரண்டு சைஸ் பெரிது

செக்காலை ரோட்டில் பள்ளிச் சீருடை விற்கும் கடைகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் ஒரு கடையில் சுபலட்சுமி இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடையில் நின்று விற்கும் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் முதலாளி இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். மே, ஜூன் மாதங்களில் அதில் துணிக்கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும்.

அவள் அளவுநாடாவைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தாயும் பிள்ளையும் படியேறும்போதே பிள்ளையின் தோள்பட்டையிலிருந்து முழங்கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள். அவர்கள் கல்லாவைத் தாண்டி வருவதற்குள் இருபத்தெட்டோ முப்பதோ, அந்த சைஸ் பாக்கெட் மேசைக்கு வந்திருக்கும். போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். உடனே அதைக் கழற்றச் சொல்லிவிட்டு அடுத்த சைஸை எடுத்துப் போடுவாள்.

“இது இன்னைக்கு அளவு. வளர்ற புள்ளை, பங்குனி வரைக்கும் தாங்க வேணாமா? ஒரு சைஸ் கூடவே எடுத்துக்கங்க. கையையும் காலையும் உள்ள மடிச்சு ஓட்டுத் தையல் போட்டு வைங்க. வளர வளரப் பிரிச்சு விட்டுக்கிரலாம்.”

தாய்மார்களுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்லாமல், ‘அந்தச் சுபா அக்கா இருக்கிற கடை’ என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். தன் வாழ்க்கையில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்று அவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். யாருக்கு எந்தத் துணி, எத்தனை நாள் வரும்.

கணவன் பெயர் காசி, தச்சு ஆசாரி வீட்டுப் பிள்ளை. இப்போது பிளைவுட்டில் சமையலறை அலமாரி அடித்துக் கொடுக்கிறான். குழந்தை இல்லாமல் ஒன்பது வருடம் கழிந்து, கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவள் மகள். கொப்புடைநாயகி என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று அவளே முதல் பாதியை வெட்டிவிட்டு நாயகி ஆகிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது அவள் உயரம் நாலடி பத்து அங்குலம், எடை முப்பத்தெட்டு கிலோ. விடுமுறை நாட்களில் கடைக்கு வந்து, கலைத்துப் போட்ட துணிகளை மடித்து வைப்பாள்.

அப்படி மடித்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் அகிலா கடைக்கு வந்தாள். பள்ளத்தூரில் விவசாயம் பார்க்கும் மருதுவின் ஒரே மகள். பத்தொன்பது வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதியிருந்தாள். ஓடிப் பழகுவதற்கு டிராக் பேண்ட் வேண்டும் என்று வந்தவள், அதைப் போட்டுப் பார்க்கிற சாக்கில் கடைக்குள்ளேயே குந்தி எழுந்து பார்த்தாள். நாயகி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“சிரிக்காத. தரையில உருண்டு பார்த்தாத்தான் பேண்ட் நல்லதா கெட்டதான்னு தெரியும்” என்றாள் அகிலா. பிறகு நாயகியிடம், தான் கோட்டையூரில் ஜியு-ஜிட்சு கற்றுக்கொள்வதைச் சொன்னாள். பிரேசில் நாட்டு முறையாம். அடி, உதை கிடையாது. பிடித்து மடக்குவதுதான். “நம்மள விட ரெண்டு மடங்கு ஆளு மேல ஏறி உக்காந்தாலும் கீழ கெடந்துக்கிட்டே அவனைக் கவுத்திரலாம். நீ வர்றியா?”

சீண்டிப் பார்க்கக் கேட்டதுதான். ஆனால் நாயகி அன்று இரவுச் சாப்பாட்டில் பேச ஆரம்பித்து, மூன்று வாரம் அதை விடவில்லை. டவுன் பஸ்ஸில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வருகிற ஆட்களை நினைத்துச் சுபலட்சுமியும் சம்மதித்தாள்.

பயிற்சி நடந்த இடம் கோட்டையூரில் ஒரு பழைய கிட்டங்கி. முன்பு மூட்டைகள் அடுக்கியிருந்த அந்த நீளமான கூடத்தில் ரப்பர் பாய்களைக் கோத்து விரித்திருந்தார்கள். மாஸ்டர் கார்த்திகேய சிவத்துக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பெங்களூரில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு கறுப்புக்கு இரண்டு படி கீழான ஊதா நிற பெல்ட்டோடு ஊர் திரும்பியவன். சத்தம் போட்டுப் பேச மாட்டான். இருபது இருபத்தைந்து பேர் வந்தார்கள். அதில் பெண்கள் நாலு பேர்.

முதல் மாதம் பனியனும் டிராக் பேண்ட்டும் போதும். இரண்டாவது மாதம் ‘கி’ வாங்க வேண்டும். ஜியு-ஜிட்சுக்காரர்களின் சீருடைக்கு அதுதான் பெயர். சாக்குப் போலத் தடித்த பருத்தியில் மேல்சட்டை, முழங்காலில் இரட்டைத் துணி வைத்த நாடா பேண்ட், இடுப்பில் பெல்ட். எதிராளியின் சட்டைக் கையையும் பேண்ட் நுனியையும் பிடித்து இழுப்பதுதான் ஆட்டமே. அதனால் துணி கிழியாமலும் இருக்க வேண்டும், தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. மாஸ்டர் வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக வரவழைப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோர்களை வரச் சொல்லி, செல்போனில் அளவு அட்டவணையைக் காட்டினான்.

“அக்கா, நாயகி உயரத்துக்கும் எடைக்கும் எம் நாலு சரியா வரும். பிள்ளைகள் சைஸ்ல கடைசி அது.”

சுபலட்சுமி அட்டவணையைப் பார்த்தாள். அவள் பார்க்காத அட்டவணையா? “அடுத்தது என்ன?”

“அதுக்கு மேல பெரியவங்க சைஸ். ஏ ஜீரோ. அதுக்கு மேல ஏ ஒன்னு.”

“ஏ ஒன்னு போடுங்க.”

“அக்கா, ஏ ஜீரோவே அவளுக்குக் கூடுதல். ஏ ஒன்னு அகிலா போடுற சைஸு.”

“மாஸ்டர், கனத்த காட்டனு. மொத தண்ணியில ஒரு சைஸ் உள்ள வாங்கும். மிச்சத்துக்குப் புள்ளை வளந்துரும். இருவது வருசமா இதே பொழப்பு எனக்கு. வருசத்துக்கொன்னு வாங்குற துணியா இது?”

அவன் கொஞ்சம் யோசித்தான். வயதில் மூத்தவர்களிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். “சுருங்காட்டி வெட்டித் தச்சுறணும்க்கா. கையை நீட்டினா சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டக் கூடாது. பேண்ட்டு கணுக்கால் முட்டியில நிக்கணும். மடிச்சு மட்டும் விட்டுறாதீக. மடிப்புக்குள்ள விரல் மாட்டும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதா” என்று சிரித்தாள் சுபலட்சுமி. அவன் எழுதிக்கொண்டான்.

கி வந்து சேர்ந்தது. நாயகி அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது கைநுனி விரல்களைத் தாண்டித் தொங்கியது. பேண்ட் தரையைக் கூட்டியது. காசி பார்த்துவிட்டு, “உங்கப்பன் சட்டையா?” என்று மகளைக் கேட்டான். சுபலட்சுமி கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் போட்டாள். மறுபடியும் ஊறவைத்தாள். மூன்றாவது முறையும் செய்தாள். விரல்கடை அளவு சுருங்கியது, அவ்வளவுதான். கழுத்துப் பட்டியின் உட்புறம் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நாயகிதான் படித்துச் சொன்னாள். இந்தத் துணியைக் கம்பெனியிலேயே சுருக்கித்தான் தைத்திருக்கிறார்களாம்.

வெட்டியிருக்கலாம். கடையிலேயே ஆல்டரேஷன் மெஷின் இருந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் புதுத் துணியில் கத்தரி வைக்க அவள் மனது ஒப்பவில்லை. வெட்டினால் வெட்டினதுதான். அடுத்த வருடம் இந்தப் பிள்ளை வளர்ந்து நிற்கும்போது எதைப் பிரித்து விடுவது? ஆயிரம் தாய்மார்களுக்குச் சொன்னதையே தானும் செய்தாள். கைநுனியையும் பேண்ட் நுனியையும் உள்பக்கமாகச் சாண் அகலம் மடித்து, கையூசியால் அகல அகலமாக ஓட்டுத் தையல் போட்டாள். வெளியிலிருந்து பார்க்க அளவு சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து நாயகி வந்து நின்றாள். “அம்மா, பேண்ட்டை வெட்டித் தச்சாச்சான்னு மாஸ்டர் கேட்டாரு.”

“என்ன சொன்ன?”

“அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்.”

“தச்சாச்சுன்னு சொல்லிரு. தையல் தானே போட்டிருக்கு.”

நாயகி சரி என்று போய்விட்டாள். அடுத்த வகுப்பில் அப்படியே சொன்னாள். மாஸ்டர் நம்பினான்.

ஆகஸ்டு மாதம் அகிலாவின் எழுத்துத் தேர்வு முடிவு வந்தது. பாஸ். இன்னும் ஏழு வாரத்தில் உடல்தகுதித் தேர்வு. கிட்டங்கியில் எல்லோருக்கும் அவளே லட்டு கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பயிற்சிப் போட்டி வைத்திருந்தான், பெற்றோர்கள் பார்க்கட்டும் என்று. சுபலட்சுமி கடையில் ஒரு மணிநேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து, ஷட்டர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பெண்கள் நாலு பேர் என்பதால் நாயகிக்கு ஜோடி அகிலா. பெரியவள் தன் பலத்தைக் காட்டாமல் விளையாட்டாகத்தான் ஆடினாள். நாயகி மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கித் தடுத்தாள். அகிலா நின்றபடி அந்தக் கால்களை விலக்கப் பார்த்தாள். அப்போதுதான் சுபலட்சுமி கவனித்தாள். மகளின் இடது கால் பேண்ட் நுனியில் நூல் ஒன்று பிரிந்து தொங்கியது. மடிப்பு ஒரு இடத்தில் வாய் திறந்திருந்தது. இந்த ரவுண்டு முடியட்டும், கூப்பிட்டு ஒரு ஊக்குப் போட்டு விடலாம் என்று நினைத்தாள். கைப்பையில் ஊக்கைத் தேடவும் செய்தாள்.

தலையைக் குனிந்து ஊக்கைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நடந்தது. அகிலா பேண்ட் நுனியை எட்டிப் பிடித்தாள். வெளியே பிடித்த விரல்களில் இரண்டு, திறந்த மடிப்புக்குள் வழுக்கிப் போயின. அதே வேகத்தில் நாயகி, கீழே கிடந்தபடியே ஆளைக் கவிழ்க்க மூன்று மாதமாகக் கற்றுக்கொண்ட அந்தச் சுழற்சியைச் சுழன்றாள், சரியாக. தடித்த துணி விரல்களைக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டது. கையை உருவ முடியாமல் அகிலா தன் கை மேலேயே விழுந்தாள். பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

அகிலா கத்தவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. மாஸ்டர் ஓடிவந்து மண்டியிட்டு, “அசையாத நாயகி, அசையாத” என்று சொல்லிக்கொண்டே பேண்ட் நுனியைப் பிரித்து அந்த விரல்களை வெளியே எடுத்தான். ஓட்டுத் தையல் பரபரவென்று அறுந்தது. உள்ளே மடித்திருந்த சாண் துணி நீண்டு தரையில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, நாற்காலியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த சுபலட்சுமியை ஒருமுறை பார்த்தான்.

முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாஸ்டர் ஆட்டோ பிடித்தான். அதற்குள் சேதி கேட்டு அகிலாவின் அப்பா மருது காரோடு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கையைத் திறந்து கம்பி வைப்பார்கள், போலீஸ் மெடிக்கலில் தழும்பைப் பார்த்தால் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். அவர் மகளை நேராகப் பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் கூட்டிப் போனார். மாஸ்டர் காருக்குப் பின்னாலேயே கொஞ்சதூரம் நடந்து கெஞ்சினான். மருது கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கட்டு இறுக்கமாகப் போட்டிருந்தார்கள். வலிக்கிறது என்று அகிலா சொன்னபோது, எலும்பு கூடுகிற வலி என்றார்கள். மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. நல்லதுக்கு என்று நினைத்தார்கள். ஆறாம் நாள் விரல்கள் கறுத்துப்போய்க் குளிர்ந்திருப்பதைப் பார்த்து, அவள் அம்மா சித்ரா யாரையும் கேட்காமல் அரிவாள்மனையில் கட்டை அறுத்துவிட்டு, மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அங்கே மூன்று முறை அறுவை செய்தார்கள். கையை எடுக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. ஆனால் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, கோழிக்கால் போல அப்படியே நின்றுவிட்டன. உள்ளே சதை செத்துவிட்டது, இனி விரியாது என்றார் டாக்டர். உடல்தகுதித் தேர்வு நடந்த நாளில் அகிலா ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள்.

சம்பவம் நடந்த மறுநாள் திங்கட்கிழமை, சுபலட்சுமி அந்தப் பேண்ட்டைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் ஆல்டரேஷன் பையன் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினில் உட்கார்ந்தாள். மீந்த துணியை வெட்டினாள். இரண்டு நுனிகளையும் நெருக்கமாக, வரிசை வரிசையாக நாலு தையல் ஓட்டினாள். சட்டைக் கைகளையும் அப்படியே செய்தாள். வெட்டிய துண்டுகளைக் கடைக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே அட்டைப்பெட்டி ஒன்றை அமுக்கி வைத்தாள். ஏன் இதைச் செய்கிறோம் என்று அவள் தனக்குள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாகச் செய்தது என்றே பிற்பாடு நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் பையன் திரும்பி வருகிறானா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தது நினைவிருந்தது.

சாயங்காலம் நாயகி அந்தப் பேண்ட்டைப் பார்த்தாள். எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நுனி கணுக்கால் முட்டியில் வந்து நின்றது.

“மாஸ்டர் சொன்ன அளவுக்கு வந்துருச்சு” என்றாள். மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஊர் முழுக்க மாஸ்டரை ஏசியது. பொம்பளைப் பிள்ளையின் கையை ஒடித்துவிட்டான், வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான், யார் இவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பயிற்சிக்கு வராமல் நின்றார்கள். கிட்டங்கிக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். செப்டம்பர் முடிவதற்குள் ரப்பர் பாய்களைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, கார்த்திகேய சிவம் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி. கடைக்கு வருகிறவர்கள் சுபலட்சுமியிடமும் அவனைத் திட்டினார்கள். அவள் துணியைப் பிரித்துக் காட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

ஒருநாள் தான் செய்ததைக் காசியிடம் சொன்னாள். அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

“கையைக் கெடுத்தது கட்டுப் போட்ட ஆளு. கூட்டிட்டுப் போனது அவுக அப்பன். ஒடிஞ்சது ஒடிஞ்சபடி மதுரைக்குப் போயிருந்தா ரெண்டு மாசத்துல சரியாப் போயிருக்கும். இதுல ஒன் தையல் எங்குட்டு வந்துச்சு? வாயைத் திறந்து புள்ளையை ஸ்டேசன் வாசல்ல நிறுத்திறாத.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கடையில் நிற்க இடமில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து சித்ரா வந்து மேசை முன்னால் நின்றாள். தலையில் எண்ணெய் இல்லை, ஆள் பாதியாகியிருந்தாள்.

“வாங்கக்கா” என்றாள் சுபலட்சுமி எப்படியோ.

“சுடிதார் பேண்ட்டு வேணும். நாடா வச்சது வேணாம். எலாஸ்டிக் வச்சதுதான் வேணும்.”

“அகிலாவுக்கா?”

“ஆமா. நாடா கட்ட வரல. ஒத்தக் கையால இழுத்து இழுத்துப் பாக்குறா. நான் கட்டிவிட வந்தா அழுகுறா. பாத்ரூம்ல இருந்து கூப்பிட வேண்டியிருக்கு, பத்தொம்பது வயசுப் புள்ள.” சித்ரா சுற்றியிருந்தவர்களைப் பார்க்காமல் சாதாரணமாகச் சொன்னாள். “ஜிப்பும் வேணாம், கொக்கியும் வேணாம். தலை வழியாப் போடுற மாதிரி எதுவும் இருந்தா குடுங்க.”

சுபலட்சுமி எடுத்துக் கொடுத்தாள். எந்த சைஸ் என்று அவள் கேட்கவும் இல்லை, சித்ரா சொல்லவும் இல்லை. பையை வாங்கிக்கொண்டு சித்ரா ஒரு நிமிடம் நின்றாள், ஏதோ கேட்பவள் போல. பிறகு போய்விட்டாள். சுபலட்சுமி ஸ்டூலில் இருந்த துணிக்கட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். முதலாளி திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பள்ளத்தூர் பஸ் ஏறினாள். காசியிடம் சொல்லவில்லை. மருது வீட்டு வாசலில் நெல் காயப்போட்டிருந்தார்கள். உள்ளே அகிலா தரையில் உட்கார்ந்து, இடது கையால் கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து போலக் கோணல்மாணலாக அ, ஆ, இ. வலது கை மடியில் துண்டுக்கு அடியில் இருந்தது. மருது கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சித்ரா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சுபலட்சுமி தண்ணீரைத் தொடவில்லை. ஊரிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் கூட வரவில்லை. பெரிய சைஸ் எடுத்ததையும், வெட்டாமல் மடித்ததையும், நூல் தொங்கியதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததையும், மறுநாள் மெஷினில் உட்கார்ந்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாசலில் நெல்லைக் கிண்டும் கோழியின் சத்தம் கேட்டது.

“என் விரலு உள்ள போனது எனக்குத் தெரியாதாக்கா?” என்றாள் அகிலா. “அதுவும் போக, நாயகி அப்பவே வந்து சொல்லிட்டா.”

“நாயகியா?”

“மதுரையில இருந்து வந்த மறுவாரம். பள்ளிக்கூடத்துக்குப் போறேன்னு கெளம்பித் தனியா பஸ் ஏறி வந்தா. ‘நான்தான் மாஸ்டர்கிட்ட பொய் சொன்னேன், வெட்டித் தைக்கச் சோம்பேறித்தனப்பட்டு நானே மடிச்சு விட்டேன், அம்மாகிட்டயும் கேக்கல’ன்னு சொல்லி அழுதா. நீங்க சொல்லச் சொன்னீகன்னு ஒரு வார்த்தை வரல.”

சித்ரா முன்னால் வந்தாள். “சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டான்னு நாங்க பேசாம இருந்தோம். அன்னைக்கு ஒங்க கடைக்கு வந்தப்பக்கூட, ஒங்க புள்ள இப்படிச் செஞ்சுட்டான்னு ஒங்களுக்குத் தெரியுமான்னு கேக்க வாய் வந்துச்சு. கேட்டா அவளை அடிப்பீகளேன்னு கேக்காம வந்தேன்.” தொடாத தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அந்தப் பச்சைப் புள்ள தலையில போட்டுட்டு இத்தனை நாளா எப்படிச் சோறு தின்னீக?”

மருது எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “கட்டுப்போடக் கூட்டிட்டுப் போனவன் நானு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலில் இறங்கி, காய்ந்த நெல்லின் மேலேயே மிதித்துக்கொண்டு போனார்.

“மாஸ்டரை எல்லாரும் பேசுறாகளே. நான் வேணா ஊருக்குள்ள…” என்று சுபலட்சுமி ஆரம்பித்தாள்.

“அதை அப்பவே செஞ்சிருக்கணும்” என்றாள் அகிலா. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தாள். “இப்ப நீங்க சொல்லி என் கை விரியப்போறதில்ல. ஒங்களுக்கு நெஞ்சுல கெடக்குறது எறங்கணும், அதுக்காக வந்திருக்கீக. எறங்கினா சரி. போயிட்டு வாங்கக்கா. நான் எழுதணும்.”

வீட்டுக்கு வந்தபோது நாயகி கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். “பள்ளத்தூர் போயிட்டு வந்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றாள் சுபலட்சுமி. நாயகி பென்சிலை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பென்சில் மறுபடி நகர்ந்தது.

கார்த்திகேய சிவத்தின் நம்பருக்கு ஏழெட்டு முறை போட்ட பிறகு, ஒருநாள் எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல இடைமறிக்காமல் கேட்டான். “தெரியும்க்கா. தச்சாச்சுன்னு சொன்னதும் நான் பேண்ட்டை கையில வாங்கிப் பாத்திருக்கணும். பாக்காம உள்ள விட்டது நானு. வச்சிரவா?” என்றான். இப்போது என்ன செய்கிறான் என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான். பின்னால் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம், அந்த மாஸ்டர் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சுபலட்சுமி சொல்லிப் பார்த்தாள். அவர்கள், பெரிய மனசு ஒங்களுக்கு என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் பிறகு வரவில்லை. முதலாளி கூப்பிட்டு, கடையில் நின்றுகொண்டு இந்தக் கதையெல்லாம் பேச வேண்டாம் என்றார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அகிலா பள்ளத்தூரிலேயே ஒரு இ-சேவை மையத்தில் இடது கையால் தட்டச்சு செய்கிறாள். இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நாயகி பத்தாம் வகுப்பு முடித்ததும், வீட்டில் இருந்தே படிக்கலாம் என்று காசி எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தஞ்சாவூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை சனிக்கிழமை ஊருக்கு வருகிறாள். காலையிலேயே காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவாள். இறங்கி, பையோடு அப்படியே பள்ளத்தூர் டவுன் பஸ் ஏறிவிடுவாள். அங்கே போய் என்ன செய்கிறாள், அகிலா அவளிடம் பேசுகிறாளா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வீடு வந்து சேர நாலு மணி ஐந்து மணி ஆகும். சுபலட்சுமி சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்பதில்லை. நாயகி கை கழுவிவிட்டு உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிடுவாள்.